நிச்சயதார்த்தத்தில் நூற்றுப் பதினேழு பாட்டில்கள்

1

ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்கு நான் குடிவந்து பதினாறு வருடம் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ நினைவு வைத்து வாழ்த்துகிறார்கள் என்று உறையை ஆசையாகப் பிரித்தேன். எங்கள் குடியிருப்பை நிர்வகிப்பவர்கள் எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடி இடப்பக்க வீட்டுக்காரர், மக்கும் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் தேங்காய்ச் சிரட்டையைப் போட்டிருக்கிறார். சிரட்டை மக்குவதற்குப் பல வருடம் ஆகும். இனி அது கறுப்புத் தொட்டிக்குரியது. அன்பான வணக்கங்களுடன்.

கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். தேங்காய் உடைப்பது ஒரே குடும்பம். துப்புத் துலக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வாசலில் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. காய்கறித் தோலுக்குப் பழுப்பு, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக் உறைக்கு மஞ்சள், எதிலும் சேராததற்குக் கறுப்பு. கண்ணாடி பாட்டில் என்றால் தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். நீல நிற பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்றுக்கும் நடுவே கால் மணி நேரம் நின்ற ஆள் நான். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுப்பது என்று கூட அவ்வளவு யோசித்ததில்லை.

கடிதத்தைப் படித்து என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டது என் மகள் மகிழினி. பதின்மூன்று வயது. சிரட்டையைப் பற்றி அவள் எனக்கு முன்பே இரண்டு முறை எச்சரிக்கை விடுத்திருந்தாள்.

2

மகியின் பள்ளியில் சுற்றுச்சூழல் குழு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த நாள் முதல் எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பாலிதீன் பை உள்ளே வர முடியாது. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு சைக்கிளில் போவது அவள் ஏற்பாடு. முதல் மாதம் முழங்கால் வலித்தது. இப்போது வெசர் ஆற்றங்கரையோரம் அந்த இருபது நிமிடம்தான் என் நாளிலேயே நல்ல நேரம். சனிக்கிழமைச் சந்தையில் மண் ஒட்டிய கேரட்டைத் துணிப்பையில் வாங்கி வருவோம். சிலர் தங்களுக்கு வேண்டாத பொருளைப் பெட்டியில் போட்டு, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வாசலில் வைப்பார்கள். எங்கள் மேசை விளக்கு அப்படி வந்தது. ஒரு முறை இட்லித் தட்டு கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'முட்டை வேகவைக்கும் தட்டு' என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மனதை அரித்தது வேறு ஒன்று. மகியிடம் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது. வீட்டில் நானும் என் கணவரும் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எழுத்துக் கூட்டி எழுதுவாள், அவ்வளவுதான். ஜெர்மனில் அம்மாவை 'மாமா' என்பார்கள். பள்ளிக்குப் போன பிறகு நானும் அவளுக்கு மாமாவாகிவிட்டேன்.

போன ஐப்பசியில் என் அண்ணன் மகள் நிவேதாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். இங்கே பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகியும் புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம்.

3

அண்ணனுக்குக் கீழராஜ வீதியில் எலக்ட்ரிக்கல் கடை. வீடு புதுக்குளத்துக்குப் பக்கம். போய் இறங்கிய முதல் நாளே குழப்பம் தொடங்கிவிட்டது. மகி கொல்லையிலிருந்து "மாமா" என்று கூப்பிட்டால் நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவோம். பெரும்பாலும் அவளுக்குத் தேவைப்பட்டது நான். வந்து நிற்பது அண்ணன். வந்த பாவத்துக்கு அவன்தான் துண்டு எடுத்துக் கொடுத்தான், குளியலறைப் பல்லியையும் விரட்டினான்.

பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்ற முடிவோடு வந்திருந்த மகிக்குப் புதுக்கோட்டை ஒத்துழைக்கவில்லை. அவள் கண்டுபிடித்த நல்ல பழக்கங்களை ஊர் ஏற்கெனவே கேட்காமலே செய்துகொண்டிருந்தது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ். ஓட்டலில் வாழை இலை, அதையும் கடைசியில் மாடு வந்து முடித்துவைத்தது. அண்ணன் கடைக்குப் போகும்போது ஸ்கூட்டரின் முன்கொக்கியில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. எரிந்து போன ஃபேன் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் திருப்பிக் கொடுக்கிற ஆள் ஒருவர் அண்ணன் கடையிலேயே இருந்தார். மகி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தன் குழுவுக்கு அனுப்பினாள். அண்ணன் ஸ்கூட்டரோடு நின்று போஸ் கொடுத்தான். ஜெர்மன்காரர்கள் தன் மஞ்சள் பையைப் பார்க்கிறார்கள் என்பதில் அவனுக்கு இரண்டு நாள் நடையே மாறிவிட்டது.

காலையில் அவள் தூக்குவாளியோடு சாம்பார் வாங்கப் போவாள். அப்படியே புதுக்குளத்தை ஒரு சுற்று நடந்து வருவாள். கட்டுமாவடியிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டு வருபவர் அவள் நீட்டிய பாத்திரத்தைப் பார்த்து, இப்போதெல்லாம் எல்லோரும் கவர்தான் கேட்கிறார்கள் என்று மெச்சி, இரண்டு மீன் கூடப் போட்டார்.

அண்ணன் மனைவியை நான் அத்தாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அத்தாச்சி மகியிடம் ஒரு குடத்தைக் கொடுத்து, தெருமுனை அடிபைப்பில் தண்ணி அடித்து வரச் சொன்னாள். மகிக்கு அந்தப் பைப்பு அவ்வளவு பிடித்துவிட்டது. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கைதான் என்று வியந்தாள். அன்று முழுக்கப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "நான் தண்ணி அடிக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னாள். தெரு சிரித்தது. அவளுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன், விளக்கவில்லை.

4

மாப்பிள்ளை வீடு அறந்தாங்கி. மாப்பிள்ளையின் அப்பா தங்கவேலு, தண்ணீர் கேனும் பாட்டிலும் போடுகிற சின்ன கம்பெனி வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். பெண் கேட்டு வந்தபோது நகையைப் பற்றியோ சீரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது குடிப்பார்களா என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. அவர் தம்பி குடித்தே செத்தவர். இல்லை என்று அண்ணன் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. தெருவில் நான்கு வீட்டில் விசாரித்த பிறகுதான் தேதி குறித்தார்.

நிச்சயதார்த்தத்துக்கான தண்ணீர் பாட்டில்கள் அவருடைய அன்பளிப்பு. மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் கைக்கடக்கமான பாட்டில்கள். எல்லோரும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்தார்கள், பிறகு வேறு ஒன்றைத் திறந்தார்கள். நான் பெண்ணின் அத்தை. பூ வைக்கும் வேலை எனக்கு. மேடையில் தாம்பாளத்தோடு நின்றதால் மகியைக் கவனிக்கவில்லை. அவள் மண்டபத்தின் பின்பக்கம், கை கழுவுகிற இடத்துக்கு அருகே ஒரு மேசையைப் பிடித்துவிட்டாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு எழுதினாள். யாரையும் கேட்காமல் சொந்தமாகத் தமிழில் எழுதினாள்.

'தண்ணி அடித்து மிச்சம் வைத்தவர்கள் பாட்டிலை இங்கே கொடுக்கவும்.'

கூட்டம் சேர அதிக நேரம் ஆகவில்லை. மிச்சம் வைத்தவர்களை விட, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மாப்பிள்ளையின் பெரியப்பா முறையுள்ள ஒருவர் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தி, என்ன கம்பெனி சரக்கு என்று கேட்டிருக்கிறார். மகி மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்: எல்லாம் ஒரே கம்பெனிதான், மாப்பிள்ளையின் அப்பாவுடையது, அவரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

அந்த மனிதர் நேராக முன்வரிசைக்கு வந்து தங்கவேலுவின் காதில், இவ்வளவு நாள் உத்தமன் வேஷம் போட்டாயே, எனக்குக் கூடச் சொல்லவில்லையே என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

தட்டு மாற்றுவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் இருந்தது. தங்கவேலு எழுந்தார். பின்பக்கம் போனார். அவருக்குப் பின்னால் அண்ணன், அவனுக்குப் பின்னால் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நான். அறிவிப்பை அவர் இரண்டு முறை படித்தார். அதற்குள் நான்கு பேர் அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

"பொண்ணு வீட்ல இப்படி ஒரு ஏற்பாடா?" என்று அண்ணனிடம் கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு அதிகம் பயம்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் விளக்க ஆரம்பித்தேன். ஜெர்மனி, சுற்றுச்சூழல் குழு, அடிபைப்பு, அத்தாச்சி, குடம் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் எனக்கே நான் சொல்வது புரியவில்லை. தங்கவேலு என்னைப் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார். திருப்தியாகவில்லை, ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சொந்தத் தண்ணீர். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். அதுவும் அவருடையதுதான். மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் பிழைத்தது. ஆனால் உயிர் போய் வந்த ஆத்திரம் எங்காவது இறங்க வேண்டுமே. அவர் மகியின் பக்கம் திரும்பினார்.

"எழுதத் தெரியாட்டி எதுக்கு எழுதுற?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதற்காக இல்லை, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு. தட்டு நல்லபடி மாறியது, நான் பூ வைத்தேன், பாயசம் பரிமாறினார்கள். மகி மட்டும் மேசையிலேயே நின்று, சேர்ந்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மண்டபத்து வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

5

அன்றோடு மகி தமிழ் பேசுவதை நிறுத்தினாள்.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அண்ணன் இட்லி வைக்கட்டுமா என்று கேட்டான். "நைன்" என்றாள். ஜெர்மனில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். அண்ணன் முகம் மலர்ந்து, உள்ளே திரும்பி, பிள்ளைக்கு ஒன்பது இட்லி எடுத்து வரச் சொன்னான். அத்தாச்சியும் ஒன்பதை எண்ணி வைத்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால் மகி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நிவேதா கூப்பிட்டாள், வரவில்லை. புதுக்கோட்டை இனிப்பான முட்டைமாசு வாங்கிவந்து வைத்தேன், தொடவில்லை. தூக்குவாளி அடுப்படியிலேயே கிடந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வாசலில் உட்காராமல் இருந்ததில்லை. இப்போது உள்ளே கட்டிலில், போனும் அவளுமாக. நான் பல வருடமாகப் பயந்துகொண்டிருந்த ஒன்று, என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. பிரேமனில் அது மெதுவாகத் தேய்ந்தது. இங்கே ஒரே நாளில் முடிந்துவிடும் போலிருந்தது.

மாலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'தண்ணி அடிப்பது' என்றால் என்ன என்று அவளுக்கு நிவேதா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அடிபைப்பு நாளில் உனக்குத் தெரியுமா என்று ஜெர்மனில் கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்றாள். நீ சொன்னது கேட்க அழகாக இருந்தது என்றேன். உண்மையும் அதுதான்.

நான் பொம்மை இல்லை என்றாள்.

இதுவரை அவளிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஜெர்மனிக்குப் போன முதல் மாதம், கையில் பையோடு படியிறங்குகிறேன். கீழ்வீட்டு க்ரூகர் அம்மாள் எதிரே வந்து என்ன விஷயம் என்று விசாரிக்கிறார். 'குப்பை கொண்டுபோகிறேன்' என்று சொல்ல வேண்டும். வினைச்சொல் ஒன்று மாறிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, நல்ல ஜெர்மனில், 'நான் குப்பை' என்று அறிவித்தேன். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டும் நின்றேன்.

மகியின் உதடு லேசாகத் துடித்தது. அந்த அம்மாள் சிரித்தார்களா என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. பதறிப் போய், இல்லை, இல்லை, நீ குப்பை இல்லை என்றார். பிறகு அந்தச் சரியான வினைச்சொல்லை மூன்று முறை மெதுவாகச் சொல்லி, என்னையும் சொல்லவைத்து, கதவைத் திறந்துவிட்டார். நான் உனக்கு அதைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, மன்னித்துக்கொள் என்றேன்.

மகி தலையணையில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று தொட்டுப் பார்த்தால் சிரிப்பு. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு அவள் 'நைன்' என்றுதான் சொன்னாள். அண்ணன் இந்த முறை என்னைப் பார்த்து, எண்ணிக்கையா என்று கேட்டான்.

6

அதற்கு அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு வாசலில் கேன்கள் அடுக்கிய டெம்போ ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தங்கவேலு.

தட்டு மாற்றிய மூன்றாம் நாள் சம்பந்தி சொல்லாமல் தனியாக வந்தால் வீடு எப்படி இருக்கும்? அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். நிவேதா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் முறை. ஆனால் தண்ணி குடிக்கிறீர்களா என்று அவரைப் பார்த்துக் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அத்தாச்சி சமாளித்து மோர் கொண்டு வந்தாள்.

அவர் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளை எங்க?"

மகி அறை வாசலில்தான் நின்றிருந்தாள். வா என்று நான் கண் காட்டினேன். வந்தாள், ஆனால் என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அன்னைக்கு எத்தனை பாட்டில் சேத்த?" என்று கேட்டார்.

ஜெர்மனில் சொன்னால் நான் மொழிபெயர்க்கலாம் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கணக்கு விஷயத்தில் மகி யாரையும் நம்புவதில்லை.

"நூத்திப் பதினேழு. அதுல ஒம்பது திறக்கவே இல்ல" என்றாள் தமிழில்.

அண்ணன் என் கையைப் பிடித்து நசுக்கினான்.

தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினெட்டு வருசமா தண்ணி விக்கிறேன், ஆத்தா. வண்டியில ஏத்தி விடுறதோட சரி. அது எங்கிட்டுப் போகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லை. அன்னைக்குத்தான் வேப்பமரத்தடியில பாத்தேன். ஒன்னைய சத்தம் போட்டது எம் மேல தப்பு."

மகி யோசித்தாள். "நீங்க திட்டினது தப்பு. நான் எழுதினதும் தப்பு" என்றாள். சமமாகப் பிரித்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவள் முன்னால் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு பாட்டில் வேண்டாம் என்றாள். பெரிய கேனும் டம்ளரும் வைக்கலாமே. எச்சில் என்பார்கள் என்றார் அவர். கழுவலாம் என்றாள். ஆயிரம் பேர் வருவார்கள், யார் கழுவுவது என்று கேட்டார்.

"நீங்க அன்னைக்கு பாட்டில் விக்க மாட்டீங்கல்ல, பெரியப்பா. உங்களுக்கு லீவுதான்" என்றாள்.

அண்ணனுக்கு அந்த நொடியில் உயிர் இருந்ததா என்று சந்தேகம். தங்கவேலு அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் பல் வரிசையை அன்றுதான் எங்கள் குடும்பம் முதன்முதலாகப் பார்த்தது. போகும்போது என்னிடம், இந்தப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், என் வியாபாரம் படுத்துவிடும் என்றார். கதவுக்குப் பின்னால் நிவேதா மூச்சு விட்டது கூடம் வரை கேட்டது.

7

கல்யாணம் தையில் நடந்தது. மகிக்குப் பள்ளி, நாங்கள் போக முடியவில்லை. அன்று இங்கே கொட்டும் பனி. முகூர்த்தத்தை போனில் பார்த்தோம், நடுவில் இரண்டு முறை படம் உறைந்து, தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு தூண் மட்டும் தெரிந்தது.

மாலையில் தங்கவேலுவே அழைத்தார். என்னை நலம் கேட்டுவிட்டு மகியிடம் கொடுக்கச் சொன்னார். பெரிய கேன்கள் வைத்ததையும், டம்ளர் கழுவ நான்கு பேரைத் தனியாகப் போட்டதையும், கடைசிப் பந்தியில் தானும் கையை நனைத்ததையும் வரிசையாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. முந்நூறு எவர்சில்வர் டம்ளர் இறக்கியதில் நாற்பத்தாறைக் காணோம். சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மகி கொஞ்சம் கூட வருத்தப்படவில்லை.

"அது நல்லதுதான் பெரியப்பா. அவங்க வீட்ல அதுல தண்ணி குடிப்பாங்க. அப்புறம் பாட்டில் வாங்க மாட்டாங்க."

வாங்காவிட்டால் நான் என்ன செய்வேன், ஆத்தா, என்று மறுமுனையிலிருந்து ஒரு பரிதாபமான குரல் வந்தது. மகி அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து போனை என்னிடம் நீட்டினாள். நிவேதாவின் சேலை நிறம், மாப்பிள்ளை அழுதாரா, அண்ணனுக்குச் சளி தேவலையா, எத்தனை பந்தி போனது, என்ன பாயசம் என்று எல்லாவற்றையும் அவளே கேட்டு முடித்துவிட்டாள். எனக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன்.